16 ஆம்பியர் பவர் சாக்கெட்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறியும் வழிமுறை

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மின்வாரியம் தாழ்வழுத்தம் என்று வகைப்படுத்துகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வீடுகளில் உயிரைப் பறிப்பது அந்தத் தாழ்வழுத்தம்தான். கீசர், ஏ.சி., இன்டக்‌ஷன் அடுப்பு, வெட் கிரைண்டர், மின்வாகன சார்ஜர் போன்றவற்றுக்காகச் சுவரில் பொருத்தப்படும் 16 ஆம்பியர் சாக்கெட்டில், அதாவது இன்றும் பலர் "பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக்" என்று அழைக்கும் பவர் பிளக்கில், ஏதேனும் கோளாறு தெரியும்போது எங்கே தொடங்கி எப்படித் தேடுவது என்பதை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன்.

இத்தகைய கோளாறுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான தீர்வுகள் இருக்கும். ஒன்று பிழையை நீக்கும். மற்றது அறிகுறியை மட்டும் மறைக்கும். இரண்டாவது வகைதான் மலிவானது, விரைவானது, பணம் கொடுத்த வீட்டுக்காரரையும் அப்போதைக்குத் திருப்திப்படுத்துவது. மின்கசிவைக் கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுப்பதும், எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர்) இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரால் லூப் போடுவதும், அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. 16 ஆம்பியரில் நிற்கவில்லை என்று 32 ஆம்பியர் மாட்டுவதும் இந்த வகை. இவை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பார்ப்பது, முகர்வது, பிளக்கைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துவது ஆகியவற்றை வீட்டில் இருப்பவரே செய்யலாம். மல்டிமீட்டரைப் பயன்படுத்தத் தெரிந்தவர் சாக்கெட்டின் முகப்பில் அளவு எடுக்கலாம். சுவிட்ச் போர்டையோ, மெயினும் எம்.சி.பி.களும் இருக்கும் டி.பி. பெட்டியையோ திறந்து வயரில் கை வைக்கும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. வீட்டுக்காரர் இதைப் படிப்பது, அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் செய்தது சரியா என்று தெரிந்துகொள்வதற்காக.

தொடுவதற்கு முன்

போர்டில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் சாக்கெட்டில் மின்சாரம் இல்லை என்று எண்ணுவது முதல் தவறு. சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஃபேஸ் வயர் (மின்சாரம் வரும் வயர்) சாக்கெட் வரை உயிரோடு நிற்கும். எனவே டி.பி. பெட்டியில் உள்ள மெயினையே அணைக்க வேண்டும். மெயினை அணைத்த பின்பும் இன்வெர்ட்டர் அதன் பாட்டுக்குச் சில சாக்கெட்டுகளுக்குச் சப்ளை கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதையும் தனியே நிறுத்த வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில், ஒரு ஃபேஸ் போய்விட்டால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் சுவிட்சினால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சாக்கெட்டுகள் வெவ்வேறு ஃபேஸில் இருக்கக்கூடும். அவற்றின் ஃபேஸ் முனைகளுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும்.

அணைத்த பிறகு மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்ய நியான் டெஸ்டர் போதாது. அது எரிவதற்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதுமென்பதால், பக்கத்து வயரின் தூண்டலாலும் மங்கலாக எரியும். உலர்ந்த மரப்பலகையில் செருப்போடு நிற்பவர் கையில், உண்மையிலேயே மின்சாரம் இருந்தும் எரியாமல் போகும். மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஒரு சாக்கெட்டில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் பார்த்து, மறுபடியும் உயிருள்ள சாக்கெட்டில் பார்ப்பதே சரியான முறை. நடுவில் மீட்டரின் வயர் அறுந்துவிடவில்லை என்பதற்கு அந்த மூன்றாவது அளவுதான் சாட்சி.

இனி, சரியான சாக்கெட் எப்படி இருக்க வேண்டும் என்பது. சாக்கெட்டை நேருக்கு நேர் பார்க்கும்போது மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். சுவருக்குள் ஓடும் வயரில் ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள் அல்லது நீலமும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் வழக்கம். சாதனத்தோடு வரும் வயரிலோ பழுப்பு ஃபேஸ், இளநீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். சுவரில் நீலம் ஃபேஸாகவும் சாதனத்தில் நீலம் நியூட்ரலாகவும் இருப்பது குழப்பத்துக்கு நிரந்தர ஊற்று. போதாததற்கு, சிவப்பு வயர் தீர்ந்துபோன நாளில் பச்சையையே ஃபேஸாக இழுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆகவே நிறத்தை நம்பி எந்த வயரையும் தொடக்கூடாது.

நல்ல சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூச்சியத்திலிருந்து சில வோல்ட் வரை காட்டும். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அவற்றில் இருக்கிறது.

அறிகுறி: சாதனத்தின் உலோக உடலைத் தொட்டால் சுரீர் என்கிறது

இதுதான் மிக அவசரமானது. சாதனத்தை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே யோசிக்க வேண்டும். குளியலறைக் கீசரில் தண்ணீர் வழியே லேசாக உணர்ந்தாலும் இதே விதிதான்.

நன்றாக இருக்கும் எர்த்தும் நன்றாக இருக்கும் ஆர்.சி.சி.பி.யும் உள்ள வீட்டில் இந்த அறிகுறி வரவே கூடாது. வந்துவிட்டது என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன: சாதனத்தில் மின்கசிவு, சாக்கெட்டில் எர்த் இன்மை. சாதனத்தை மட்டும் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் பாதிப் பிழை சுவரிலேயே காத்திருக்கும்.

முதலில் சாக்கெட்டில் அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-க்குப் பதிலாக 100, 120 என்று ஏதோ ஓர் இடைப்பட்ட எண் காட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீதி எண் காட்டினால், எர்த் வயர் எங்கோ அறுந்து அந்தரத்தில் தொங்குகிறது. கணினி, தொலைக்காட்சி போன்றவற்றின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் மின்தேக்கிகள், அறுந்த எர்த் வயரை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஏறத்தாழ பாதி அழுத்தத்தில் நிறுத்தும். கணினிப் பெட்டியின் விளிம்பில் முழங்கை பட்டால் எறும்பு கடித்தாற்போல் இருப்பது இதனால்தான். அந்த மின்னோட்டம் சிறியது. ஆனால் அதே அறுந்த வயரில் கீசரும் இணைந்திருந்து, அதன் ஹீட்டிங் காயில் உடைந்தால், அந்த வயரோடு இணைந்த எல்லா உலோக உடல்களிலும் 230 வோல்ட் ஏறும்.

எர்த் எங்கே அறுந்தது என்று தேடும்போது எளிய இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது. பிளக் மேல்பகுதிக்குள் எர்த் வயர் திருகிலிருந்து கழன்றிருக்கலாம். சாதனத்தின் மூன்று முனைப் பிளக்கை யாரோ இரண்டு முனையாக மாற்றியிருக்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரில் இரண்டே இழை இருக்கலாம். அவையெல்லாம் சரியென்றால் போர்டைத் திறந்து, பச்சை வயர் சாக்கெட்டின் எர்த் திருகு வரை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வராமலே மூடிவிட்ட போர்டுகள் உண்டு. பழைய வீடுகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. முற்காலத்தில் குளியலறை எர்த்தை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். பின்னாளில் குழாய்கள் துருப்பிடித்து, பிளம்பர் வந்து மின்சாரம் கடத்தாத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிட்டுப் போவார். தண்ணீர் நன்றாக வரும், எர்த் போயிருக்கும். மின்சார வேலை எதுவும் நடக்காத வீட்டில் எர்த் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அந்த லூப்பைப் பற்றி. எர்த் கிடைக்காத சாக்கெட்டில் நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு இரண்டங்குல வயரை மாட்டிவிட்டால் மீட்டரில் எண்கள் அழகாக வரும்: 230, 230, 0. சுரீரும் நின்றுவிடும். ஆனால் என்றாவது ஒருநாள் அந்தச் சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் வயர் திருகிலிருந்து கழன்றால், ஃபேஸ் சாதனத்தின் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, லூப் வழியாக எர்த் முனைக்கு ஏறி, சாதனத்தின் முழு உலோக உடலையும் 230 வோல்ட்டுக்கு உயர்த்தும். சாதனத்தில் எந்தப் பழுதும் தேவையில்லை. ஒரு திருகு தளர்ந்தால் போதும். இன்னொரு கேடு இதைவிட நுட்பமானது. சாதனத்தில் கசியும் மின்சாரம் அந்த லூப் வழியாக நியூட்ரலுக்கே திரும்பிவிடுவதால், ஃபேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஆர்.சி.சி.பி.க்குக் கசிவே தெரியாது.

லூப் போட்டிருக்கிறார்களா என்பதைப் போர்டைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சாக்கெட்டில் அல்லது அதே சர்க்யூட்டில் 2000 வாட் சாதனம் ஒன்றை ஓடவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டருக்கு ஏறத்தாழ 0.15 ஓம் மின்தடை கொண்டது, 8.7 ஆம்பியர் ஓடும்போது நியூட்ரல் வயரில் மட்டும் 1.3 வோல்ட் இழப்பு ஏற்படும். ஆகவே உண்மையான எர்த் இருந்தால் லோடு ஏறியதும் அந்த அளவு ஒரு வோல்ட்டோ சில வோல்ட்டோ உயரும். சாதனம் ஓடும்போதும் ஓடாதபோதும் அசையாமல் 0.0 என்றே காட்டினால், அந்த எர்த் பின்பக்கத்திலேயே நியூட்ரலோடு கைகோத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அறிகுறி: ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. விழுவது கோளாறன்று, கோளாறைச் சொல்லும் செய்தி. வீட்டில் பயன்படுத்தும் 30 மில்லிஆம்பியர் கருவி, 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும், 30-க்குள் கட்டாயமாகவும் விழும்படி செய்யப்பட்டது. பத்து மில்லிஆம்பியருக்கு மேல் போனாலே பிடித்த கையை விடுவிக்கத் தசை மறுக்கத் தொடங்கும் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த வரம்பு எவ்வளவு நெருக்கமானது என்று புரியும்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால் பிழை ஏதோ ஒரு சாதனத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். மாட்டிய உடனே விழாமல், பத்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் முதலில் கீசரைச் சந்தேகியுங்கள். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் காயிலின் மேல் சுண்ணாம்பு படிந்து, அது அளவுக்கு மீறிச் சூடேறி, மேலுறையில் மயிரிழை வெடிப்பு விடும். குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, சூடானதும் திறந்து தண்ணீரை உள்ளே விடும். மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் மொட்டைமாடி, கேட் விளக்கு, மோட்டார் அறை, வெளிச்சுவர்ச் சாக்கெட் என்று வானம் பார்த்த இடங்களைத் தேடுங்கள். இடி இடித்த நொடியில் ஒரே ஒருமுறை விழுந்து, பிறகு ஏற்றியதும் நின்றால் கவலை வேண்டாம்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றிய பின்னும் விழுந்தால் பிழை சுவருக்குள் இருக்கிறது. டி.பி.யில் எம்.சி.பி.களை எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பதே வழக்கமான முறை. இதில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். சுவருக்குள் எங்கோ நியூட்ரல் வயரின் மேலுறை உரிந்து எர்த்தைத் தொட்டிருந்தால், அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை அணைத்தாலும் பிழை அகலாது; வீட்டின் வேறொரு மூலையில் ஏ.சி. ஓடத் தொடங்கும்போது ஆர்.சி.சி.பி. விழும். பழி ஏ.சி. மேல் விழும். மெக்கானிக் வந்து பார்த்து ஏ.சி.யில் குறையில்லை என்பார். இப்படிப்பட்ட நிலையில் மெயினை அணைத்து, எல்லா நியூட்ரல்களும் சேரும் பட்டையான நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றி, எர்த்துக்கு எதிராக மெகர் (மேலுறையின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்து அளப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. அதேபோல், ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை வேறொரு ஆர்.சி.சி.பி.யின் கீழுள்ள சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கியிருந்தாலும், லோடு போட்டவுடன் விழும்.

எந்தச் சாதனத்திலும் பழுதில்லாமலே விழுவதும் உண்டு. கணினி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்ற ஒவ்வொன்றும் வடிகட்டி வழியே ஓரிரு மில்லிஆம்பியரை எர்த்துக்குக் கசியவிடும். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்றால் இவை கூடிக்கூடி 15-ஐத் தாண்டிவிடும். கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனிக் கருவி வைத்துப் பிரிப்பதே இதற்குத் தீர்வு. 100 மில்லிஆம்பியர் கருவி மாட்டுவது தீர்வாகாது, அது தீவிபத்தைத் தடுக்குமே தவிர ஆளைக் காக்காது.

டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கிறது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் டெஸ்ட் பொத்தானுக்கு ஆர்.சி.சி.பி. ஒழுங்காக விழும்.

அறிகுறி: எம்.சி.பி. விழுகிறது

இதில் நேரம்தான் தடயம். பிளக்கை மாட்டிச் சுவிட்ச் போட்ட அதே நொடியில் படாரென்று விழுந்தால் ஷார்ட். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுவிட்சை மட்டும் போட்டாலும் விழுகிறதா என்று பார்த்தால், பிழை சாதனத்திலா சுவரிலா என்று தெரிந்துவிடும். ஏ.சி. கம்ப்ரசரோ மோட்டாரோ கிளம்பும்போது மட்டும் விழுந்தால் எம்.சி.பி.யின் வகையைப் பாருங்கள்: பி வகை தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனடியாக விழும். மோட்டார் உள்ள சாதனத்துக்குச் சி வகையே பொருந்தும்.

அரைமணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால் லோடு மிகுதி, அல்லது எம்.சி.பி.யின் சொந்தத் திருகே தளர்ந்து சூடாகிறது. கீசர் சாக்கெட்டிலிருந்து வயர் இழுத்து வாஷிங் மெஷினுக்கும் கொடுத்திருந்தால், இரண்டும் வெந்நீர் காய்ச்சும் வேளையில் 17, 18 ஆம்பியர் ஓடும். இதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினால் விழுவது நிற்கும். ஆனால் எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி.யே 23 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை அனுமதிக்கக்கூடும் என்னும்போது, அதன் இடத்தில் 32 இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் குழாய்க்குள் வெந்துபோகும். சாக்கெட் அதற்கு முன்பே உருகியிருக்கும். கனமான சாதனம் ஒவ்வொன்றுக்கும் டி.பி.யிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. என்பதே விதி. வயர் போகும் தூரம் நீளமாக இருந்தாலோ சாதனம் ஏ.சி.யாக இருந்தாலோ 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டுவிடுவது பின்னாளில் வருந்தாமல் இருக்க உதவும்.

அறிகுறி: சாக்கெட் சுடுகிறது, பழுப்பேறியிருக்கிறது, கருகிய வாடை வருகிறது

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இரண்டுமே கண்டுகொள்ளாத பிழை இது. மின்னோட்டம் அளவோடுதான் இருக்கிறது, கசிவும் இல்லை. வெப்பம் மட்டும் ஒரு புள்ளியில் குவிகிறது. தளர்ந்த ஒரு திருகில் 0.1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொண்டால், 3000 வாட் கீசரின் 13 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது 17 வாட் வெப்பம் பிறக்கும். சால்டரிங் அயனுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட வெப்பம் அது, சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டில். வெப்பத்தால் பித்தளையின் விறைப்பு போகும், பிடி மேலும் தளரும், மின்தடை மேலும் கூடும்.

கருகிய தடம் எந்தத் துளையைச் சுற்றி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். பிழை அந்த முனையில். திருகு இறுகவில்லையா, வயரின் மேலுறையும் சேர்ந்து திருகுக்குள் மாட்டியிருக்கிறதா, உரிக்கும்போது பாதி இழைகள் அறுந்து மீதி இழைகளே சுமக்கின்றனவா, பழைய அலுமினிய வயர் செம்போடு முறுக்கப்பட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கருகிய பிளக்கை அப்படியே மாட்டினால், அந்தக் கறுத்த முனை புதிய சாக்கெட்டையும் சில வாரங்களில் பாழாக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வயரைச் செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டிய பிறகே இணைக்க வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருக உதவும் கன்வர்ஷன் பிளக்கை நான் எந்த வீட்டில் பார்த்தாலும் கழற்றி எடுத்துவிடச் சொல்வேன்.

அறிகுறி: இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது, சாதனம் ஓடவில்லை

நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பூச்சியம், இரண்டிலிருந்தும் எர்த்துக்கு 230 என்று மீட்டர் காட்டும். சுவிட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு சாதனத்தின் வழியாக ஃபேஸ் நியூட்ரல் வயருக்குத் திரும்பி வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் கழற்றினால் இடத்துளையில் வெளிச்சம் போய்விடும். டி.பி.யின் நியூட்ரல் லிங்கில் தளர்ந்த திருகு முதல் சந்தேகம். நியூட்ரலிலும் ஃபியூஸ் கேரியர் வைத்திருக்கும் பழைய மெயின் போர்டாக இருந்தால், அந்த ஃபியூஸ் போயிருக்கும். அதைக் கட்டுவதைவிட அந்த ஏற்பாட்டையே நீக்கிவிடுவது நல்லது.

அறிகுறி: கனமான சாதனம் ஓடும்போது சில விளக்குகள் பிரகாசமாகின்றன

சற்று மங்கினால் வயரில் மின்னழுத்த இழப்பு. அது அவ்வளவு அவசரமன்று. ஆனால் மூன்று ஃபேஸ் வீட்டில் சில விளக்குகள் மங்கும்போதே வேறு சில வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், மெயினை அந்த நிமிடமே அணைக்க வேண்டும். பொது நியூட்ரல் தளர்ந்து, ஃபேஸ்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிட்டன. லோடு குறைந்த ஃபேஸில் அழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். பிழை மீட்டருக்கு முன்போ கம்பத்திலோ இருக்கலாம். அது மின்வாரியத்தின் எல்லை. முத்திரையிட்ட பெட்டியை யாரும் திறக்கக்கூடாது. தெரு முழுவதும் இப்படி இருந்தால் கம்பத்துக் கம்பியில்தான் நியூட்ரல் போயிருக்கிறது, அப்போது ஒற்றை ஃபேஸ் வீடுகளும் தப்பாது.

அறிகுறி: மின்வாகன சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிச் சார்ஜ் செய்ய மறுக்கிறது

பத்தாண்டுகளாகக் கீசர் ஓடிய சாக்கெட்டில் காரின் சார்ஜர் ஓட மறுத்தால், சார்ஜரைக் குறை சொல்லத் தோன்றும். கீசர் எர்த்தைக் கேட்பதில்லை. பல கார்களோடு வரும் சார்ஜர்கள் கேட்கின்றன, அவ்வளவுதான். எர்த் இல்லாவிட்டாலோ, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அழுத்தம் மிகுதியாக இருந்தாலோ அவை மறுக்கும். இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்படாமல் இருந்தாலும் மறுக்கும். சார்ஜரைச் சமாதானப்படுத்த மேலே சொன்ன நியூட்ரல் லூப்பைப் போட்டுக்கொடுக்கும் வழக்கம் பெருகிவருகிறது. மழையில் நனைந்து நிற்கும் காரின் உலோக உடலோடு நேரடியாக இணையும் எர்த் அது என்பதை எண்ணிப் பார்த்தால் எவரும் அதற்குத் துணியமாட்டார்கள். இன்னொன்று: கீசர் இருபது நிமிடம் ஓடும், கார் இரவு முழுவதும் 13, 14 ஆம்பியர் இழுக்கும். கீசரில் வெளிப்படாத தளர்ந்த திருகு காரில் ஒரே வாரத்தில் கருகும்.

எர்த் வயர் சரி, எர்த் குழியே சரியில்லை

சாக்கெட்டிலிருந்து டி.பி. வரை எர்த் ஒழுங்காக வந்திருந்தும் மேலே சொன்ன அறிகுறிகள் தொடர்ந்தால் வெளியே போய், எர்த் கம்பி மண்ணில் இறங்கும் குழியைப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அது பூந்தொட்டிக்கோ டைல்ஸுக்கோ அடியில் கிடக்கும். கம்பியும் குழாயும் சேரும் போல்ட் துருவேறி அற்றுப்போயிருப்பது வழக்கமான காரணம். கோடையில் மண் வறண்டுபோவது அடுத்தது. எர்த் குழாய் 2.5 மீட்டராவது ஆழம் போக வேண்டும், கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். இந்திய எர்த்திங் விதித்தொகுப்பான ஐ.எஸ். 3043 இவற்றை விளக்குகிறது. சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் அந்த உப்பே ஜி.ஐ. குழாயை அரிக்கவும் செய்யும் என்பதால், பதினைந்து இருபது ஆண்டு ஆன குழியை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நம்பக்கூடாது.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, "நல்லா எரியுது பாருங்க" என்று காட்டுவது நம் ஊர்ச் சோதனை. அந்தப் பல்பின் மின்தடை ஏறத்தாழ 529 ஓம். எர்த் குழியின் மின்தடை 50 ஓம் என்னும் மோசமான நிலையில் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான பழுது வந்தால் அதே 50 ஓம் 4.6 ஆம்பியரை மட்டுமே அனுமதிக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது, சாதனத்தின் உடல் உயிரோடு நிற்கும். 5 ஓம் என்னும் நல்ல குழியிலும் 46 ஆம்பியர்தான் ஓடும், எம்.சி.பி. விழப் பல நொடிகள் பிடிக்கலாம். எர்த் அறுந்திருக்கும் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்தால் பல்பு எரியாது, ஆனால் பல்பின் வழியாக எல்லாச் சாதனங்களின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும். மண்ணில் இரண்டு முளைகளை அடித்து, எர்த் டெஸ்டரால் ஓம் கணக்கில் அளந்து சொல்பவரையே கேட்டு வாங்குங்கள்.

எர்த் ஒன்றே போதும் என்பதும், ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் வேண்டாம் என்பதும் இரண்டும் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகின்றன. 50 ஓம் குழியிலும் 30 மில்லிஆம்பியர் கசிந்த உடனே, சாதனத்தின் உடலில் வெறும் 1.5 வோல்ட் இருக்கும்போதே, ஆர்.சி.சி.பி. துண்டித்துவிடும். எர்த்தே இல்லாவிட்டால், அது துண்டிப்பதற்கு முன் அந்த மின்சாரம் ஓட ஒரு வழி வேண்டும். அந்த வழி தொடுகிற ஆள்.

வேலை முடிந்தபின்

பணியாளர் போர்டை மூடுவதற்கு முன் சில அளவுகளை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். சப்ளையைத் துண்டித்து, மின்னணுச் சாதனங்களை எல்லாம் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். சாக்கெட்டின் எர்த் துளைக்கும் டி.பி.யின் எர்த் பட்டைக்கும் இடையே 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். சப்ளையை ஏற்றியதும் வலத்துளையில் ஃபேஸ் வருகிறதா, சுவிட்சை அணைத்தால் அது போகிறதா என்று பார்த்து, ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை அழுத்திவிட்டு, முன்பு தாளில் குறித்த மூன்று எண்களையும் மீண்டும் எடுத்து அதே தாளில் தேதியோடு எழுதுங்கள். கடைசியாகச் சாதனத்தை அரைமணி நேரம் முழு லோடில் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைக் கழற்றி, முனைகளைத் தொடாமல் அதன் உடலைப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கையை எடுக்கத் தோன்றும் அளவு சூடு இருந்தால், மெயினை மறுபடியும் அணைத்துப் போர்டைத் திறக்க வேண்டியதுதான்.